ஒரே வட்டிலில் உண்டோம்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வகுப்பில் கேட்டபோது, தோழியர் பலரும் கொடைக்கானல் சுற்றுலா, பாரதி கண்ட பெண்மை, நேரத்தின் அருமை என்று தலைப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் எழுந்து நின்று, “நாக்குப்பூச்சியைப் பற்றி எழுதட்டுமா, சிஸ்டர்?” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. எங்கள் உயிரியல் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “எழுது. சாப்பிடும்போது படிக்க வேண்டாம் என்று மேலே ஒரு வரி போட்டுவிடு” என்றார்கள். அந்த வரியைப் போட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் அனுமதியும் எனக்குத் தேவைப்பட்டது. அது என் தங்கையின் அனுமதி. அவள் இதே பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இது உண்மையில் அவளுடைய கதை. அவள் இரண்டு நிபந்தனைகள் விதித்தாள். அவள் பெயர் எங்கும் வரக்கூடாது. காலாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் 96 மதிப்பெண் வாங்கியது கட்டாயம் வரவேண்டும். இரண்டையும் நிறைவேற்றிவிட்டேன். இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு கடலோரத்துச் சிற்றூரில் இருக்கிறது. அப்பா கடல்தொழிலுக்குப் போகிறவர். வீட்டுக்குப் பின்னால் மணல் முற்றம், அதற்கப்பால் உடைமரக் காடு. எனக்கும் தங்கைக்கும் நான்கு வயது வித்தியாசம். ஒரே முற்றத்தில் சோறு பொங்கி விளையாடினோம். ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்தோம். ஒரே பாயில் படுத்தோம். இரவில் ஆச்சி பெரிய வட்டிலில் சோற்றையும் மீன் குழம்பையும் பிசைந்து வைத்துக்கொண்டு, எனக்கு ஓர் உருண்டை, அவளுக்கு ஓர் உருண்டை என்று மாற்றி மாற்றிக் கையில் வைப்பார்கள். ஒரு பருக்கை கூட வேறுபாடு கிடையாது.

ஆனால் எங்கள் உடம்புகள் ஒன்றுபோல் இல்லை. நான் கொழுகொழுவென்று வளர்ந்தேன். அவளுக்கோ வயிறு மட்டும் முன்னால் வந்து, கையும் காலும் குச்சியாய்ப் போயின. தொப்புளைச் சுற்றி வலிக்கிறதென்று சுருண்டு படுப்பாள். பூச்சி மருந்து கொடுத்தால் மறுநாள் மண்புழுவைப் போல, ஆனால் வெளிறிய நிறத்தில், சாண் நீளத்துக்குப் பூச்சிகள் விழும். சில மாதம் சும்மா இருக்கும். பிறகு மறுபடியும் அதே கதைதான்.

எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பூச்சி இருந்தால் பழி தாய்மேல்தான் விழும். “பிள்ளை மண்ணைத் தின்னுது, ஆத்தாக்காரி பார்க்கிறதில்லை” என்பார்கள். ஆச்சி இன்னும் ஒரு படி மேலே போய், “எங்க வீட்டுல எந்தப் பிள்ளைக்கும் இப்பிடிப் பூச்சி வச்சதில்ல” என்று அடுப்படி வரை கேட்கும்படி சொல்வார்கள். அம்மா வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பதில் பேசமாட்டாள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். நகத்தை ஒட்ட வெட்டுவாள். ஒருமுறை இரத்தமே வந்துவிட்டது.

இனிப்புத் தின்றால் பூச்சி வைக்கும் என்பது ஆச்சியின் உறுதியான நம்பிக்கை. ஆகவே கருப்பட்டி என் தங்கைக்கு விலக்கப்பட்ட கனி ஆயிற்று. சனிக்கிழமை காலையில் அவளுக்கு வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து உருண்டை. அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். நான் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டியைச் சப்பிக்கொண்டு அதை வேடிக்கை பார்ப்பேன். நான் சுத்தமான பிள்ளை, அவள் அழுக்குப் பிள்ளை என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே கற்றுக்கொண்டேன்.

அவள் நான்காம் வகுப்பில் படிக்கும்போது புதுநன்மை வாங்கினாள். அன்று நடந்ததை எழுதத்தான் இவ்வளவு தயங்கினேன்.

வெள்ளைக் கவுன், வெள்ளை முக்காடு, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. அம்மா இரண்டு மாதச் சீட்டுப் பணத்தில் தைத்த உடை அது. பூசை நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகளைக் கெபிக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க ஏற்பாடாயிற்று. காலையிலிருந்தே அவள் முகம் வெளுத்திருந்தது. பயத்தினால் இருக்கும் என்று நினைத்தோம். படம் எடுக்கப்போகும் நேரத்தில் அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். அதில் ஒரு பூச்சி வந்து விழுந்தது. உயிரோடு நெளிந்தது.

பிள்ளைகள் அலறிக்கொண்டு விலகினார்கள். யாரோ ஒரு தாய் தன் மகளின் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது என் வகுப்புத் தோழி ஒருத்தி என் தோளைத் தொட்டு, “அது உன் தங்கச்சிதானே?” என்று கேட்டாள். நான், “இல்லை, எங்கள் தெருப் பிள்ளை” என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா ஓடி வந்து தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். தங்கை யாரையோ தேடுவதுபோல் கூட்டத்தைப் பார்த்தாள். என்னைத்தான் தேடியிருக்க வேண்டும்.

இராயப்பராவது சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார். நான் வீட்டுக்குப் போய் நெய்ச்சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் அம்மா எங்கள் இருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றாள். அங்கே இருந்த டாக்டரம்மா, “ஒரு பிள்ளைக்கு இருந்தால் எல்லோருக்கும் பார்க்க வேண்டும்” என்று சொல்லி, இரண்டு பேருக்கும் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். நான் வெட்கத்தால் செத்தேன். “எனக்கு எதற்கு? எனக்கு ஒன்றுமில்லை” என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். இரண்டு நாள் கழித்துச் சீட்டு வாங்கி வர அம்மா என்னையே அனுப்பினாள். இரண்டு சீட்டுகள். தங்கையின் சீட்டில் முட்டை உண்டு என்று எழுதி மூன்று கூட்டல் குறிகள். என் சீட்டிலும் முட்டை உண்டு என்று எழுதியிருந்தது. கூட்டல் குறி ஒன்று.

என் சீட்டைக் கிழித்து வாய்க்காலில் போட்டுவிட்டேன். அம்மாவிடம், “எனக்கு ஒன்றுமில்லையாம். இருந்தாலும் வீட்டில் எல்லோரும் மாத்திரை போடச் சொன்னார்கள்” என்றேன். பொய்யும் உண்மையும் சரிபாதி. எல்லோரும் மாத்திரை போட்டோம். மூன்று நான்கு மாதத்தில் தங்கைக்கு மறுபடியும் வயிற்றுவலி வந்தது. எனக்கு வரவில்லை. என் பெருமை முன்போலவே இருந்தது.

இந்த ஆண்டு உயிரியலில் மரபியல் பாடம் வந்தது. அதற்கு முன்பே நாக்குப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்டிருந்தேன். உருண்டைப்புழு என்று புத்தகத்தில் வருவதும் எங்கள் வட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததும் ஒன்றே என்று எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டை வரை இடும். அவை மலத்தோடு மண்ணில் விழும். விழுந்த உடனே அவற்றால் தீங்கில்லை. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் சில வாரங்கள் கிடந்து, உள்ளே இளம்புழு உருவான பிறகே அவை நோய் தரும். தோடு கெட்டியானதால் ஆண்டுக்கணக்கில்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். கையில் ஒட்டியோ, கழுவாத காய்கறியிலோ, தண்ணீரிலோ வாய்க்குள் போனால், குடலில் பொரிந்து, குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, மறுபடியும் விழுங்கப்பட்டு, புறப்பட்ட குடலுக்கே வந்து சேரும். (பிறகு எதற்கு இந்த ஊர்சுற்றல் என்று சிஸ்டரிடம் கேட்டேன். “உன்னைப்போலத்தான், நூலகத்துக்குப் போகிறேன் என்று கான்டீன் வழியாகப் போகிறாயே” என்றார்கள்.) முட்டை உள்ளே போய் இரண்டு மூன்று மாதத்தில் புழு முட்டையிடத் தொடங்கும். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு உயிர் வாழும்.

இதில் ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்தப் புழு நம் வயிற்றுக்குள்ளேயே பெருகுவதில்லை. அது இடும் முட்டைகள் வெளியே போய், மண்ணில் முதிர்ந்துதான் மறுபடி வரவேண்டும். ஆகவே ஒரு பிள்ளையின் வயிற்றில் முப்பது புழு இருந்தால், அது முப்பது முட்டையாவது தனித்தனியாக விழுங்கியிருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஆச்சி சொன்னது சரிதான், என் தங்கை என்னைவிட அழுக்குத் தின்றவள்தான் என்று தோன்றியது. வகுப்பு முடிந்ததும் சிஸ்டரிடம் போய் அதையே சொன்னேன்.

சிஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள்: “முப்பது புழு இருந்தால் குறைந்தது முப்பது முட்டை விழுங்கினாள், சரி. புழு இல்லாதவள் எத்தனை முட்டை விழுங்கினாள்? யார் எண்ணிப் பார்த்தது?”

எனக்கு என் சீட்டின் ஒற்றைக் கூட்டல் குறி கண்முன் வந்து நின்றது.

விழுங்கிய முட்டையெல்லாம் புழுவாகிவிடுவதில்லை. கல்லீரலிலும் நுரையீரலிலும் குடலிலும் நம் உடம்பு அவற்றோடு போராடுகிறது. இரத்தத்திலுள்ள இயோசினோஃபில் அணுக்களும், எதிர்ப்பொருள்களும், குடலின் சளிப்படலமும் அந்தப் போரில் பங்கு கொள்கின்றன. பல இளம்புழுக்கள் வழியிலேயே அழிந்துவிடும். இந்தப் போரில் எல்லா உடம்புகளும் ஒரே வலிமையோடு பிறப்பதில்லை. அடுத்த வாரம் சிஸ்டர் எனக்குச் சில ஆராய்ச்சிக் குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தது, அகராதியோடு உட்கார்ந்தேன்.

அவற்றில் ஒன்று நம் பழவேற்காட்டைப் பற்றியது. 1980களில் அந்த ஏரிப் பகுதியில், மீனவர் வாழும் ஓர் ஊரில், ஆராய்ச்சியாளர்கள் மக்களுக்கு மருந்து கொடுத்து, யாருக்கு எத்தனை புழு விழுந்தது என்று எண்ணினார்கள். மாதங்கள் பல கழிந்து மறுபடியும் மருந்து கொடுத்து மறுபடியும் எண்ணினார்கள். முதல்முறை நிறைய வைத்திருந்தவர்களே மறுமுறையும் பெரும்பாலும் நிறைய வைத்திருந்தார்கள். குறைவாக வைத்திருந்தவர்களுக்குக் குறைவாகவே வந்தது. உருண்டைப்புழுவில் மட்டுமல்ல, கொக்கிப்புழுவிலும் சாட்டைப்புழுவிலும் இப்படியே கண்டார்கள். அந்த முடிவுகள் 1986, 1987ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. உலகின் பல ஊர்களிலும் இதுபோன்றே கண்டிருக்கிறார்கள்: ஊரிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி ஒரு சிலரிடமே குவிந்திருக்கும். எங்கள் வீட்டுக் கதையை யாரோ கடற்கரை ஊர் ஒன்றில் இருந்துகொண்டு எண்ணி எழுதியதுபோல் இருந்தது எனக்கு.

ஆனால் இதனால் மட்டும் பிறவிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நிறைய வைத்திருந்தவர்கள் ஒருவேளை அசுத்தமான இடத்தில் அதிகம் புழங்கியவர்களாக இருக்கலாம் அல்லவா? ஆச்சி சார்பில் நானே இந்த வாதத்தை எடுத்து வைத்தேன். அதற்கு விடை நேபாளத்தில் இருந்தது.

கிழக்கு நேபாளத்தில் ஜிரி என்று ஒரு மலையூர். எவரெஸ்ட் நோக்கி நடந்து போகிறவர்கள் முன்பெல்லாம் அந்த ஊர் வழியாகவே போவார்களாம். அங்கே ஜிரேல் என்னும் சிறிய மலைக்குலத்தார் வாழ்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்வதால், பெரிய குடும்ப மரம் ஒன்றிலேயே ஏறத்தாழ எல்லோரையும் எழுதிவிடலாம். அமெரிக்காவைச் சேர்ந்த சாரா வில்லியம்ஸ்-பிளாங்கேரோ என்ற பெண் அறிவியலாரும் அவர் துணைவர்களும் அங்கே 1,261 பேரைச் சோதித்தார்கள். மருந்து கொடுத்து, விழுந்த புழுக்களை எண்ணினார்கள், எடையும் போட்டார்கள். மலத்தில் இருந்த முட்டைகளையும் எண்ணினார்கள். இத்தகைய வேலையைப் பொறுமையோடு செய்தவர்களை நினைத்தால், பூச்சி என்று சொன்னாலே மூக்கைப் பொத்துகிற நமக்கு நாணம் வரவேண்டும்.

இதில் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் உண்கிறார்கள். நெருங்கிய இரத்த உறவு இல்லை. அக்காளும் தங்கையும் மணமாகி வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள். இரத்த உறவு உண்டு. புழு வருவதற்கு வீட்டுச் சூழ்நிலையே முக்கியக் காரணமானால், ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒத்திருக்க வேண்டும். பிறவி முக்கியமானால், பிரிந்து வாழும் உடன்பிறந்தவர்கள் ஒத்திருக்க வேண்டும். இப்படிக் குடும்ப மரம் முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1999இல் முடிவை வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் 30 முதல் 50 விழுக்காடு மரபணுக்களால் வருவது. ஒரே வீட்டில் வாழ்வதால் வருவது 3 முதல் 13 விழுக்காடு வரைதான்.

நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். நூறு புழுவில் நாற்பது மரபணுவால் வந்தது என்று இதற்குப் பொருளல்ல. நானும் முதலில் அப்படித்தான் புரிந்துகொண்டு சிஸ்டரிடம் திட்டு வாங்கினேன். ஒருவருக்கு ஏன் அதிகம், இன்னொருவருக்கு ஏன் குறைவு என்ற அந்த ஏற்றத்தாழ்வில் இவ்வளவு பங்கு பிறப்போடு வந்தது என்பதே பொருள்.

2002இல் அதே குழுவினர் இன்னொரு படி போனார்கள். 13ஆம் குரோமோசோமிலும் 1ஆம் குரோமோசோமிலும் இந்த ஏற்றத்தாழ்வோடு தொடர்புடைய இடங்கள் இருப்பதாகக் கண்டார்கள். 13ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதிக்கு அருகில், எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணுக்கள் வளரத் துணைபுரியும் ஒரு புரதத்துக்கான மரபணு இருக்கிறது. அதன்மேல் அவர்களுக்கு ஐயம் விழுந்தது. ஐயம்தான், தீர்ப்பல்ல. ஒற்றை மரபணுவைப் பிடித்து இதுதான் குற்றவாளி என்று கூண்டில் ஏற்ற முடியாது. பல சேர்ந்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கின்றன.

இவ்வளவையும் படித்து முடித்த அன்று மாலை, பெரிய அறிஞரைப்போல வீட்டுக்குப் போனேன். அம்மா முற்றத்தில் மீன் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆச்சி பக்கத்தில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் விஷயத்தை விளக்கினேன். தங்கை அழுக்குத் தின்றதால் மட்டும் அவளுக்கு நிறைய வரவில்லை. அவள் உடம்பு அப்படிப் பிறந்திருக்கலாம். அது யார் குற்றமும் இல்லை என்றேன்.

ஆச்சி உடனே கேட்டார்கள்: “பிறப்புல வந்ததுன்னா, அப்ப அது ஒங்க அம்ம வழிதானே?”

எனக்குத் திக்கென்றது. ஒரு பழியை எடுக்கப் போய், அதைவிடப் பெரிய பழியைக் கொண்டுவந்து அம்மாவின் தலையில் வைத்துவிட்டேனோ என்று பயந்தேன். அழுக்கு என்றால் கழுவிவிடலாம். பிறவி என்றால் எங்கே போய்க் கழுவுவது? அம்மா தலை நிமிரவில்லை.

“அப்படி இல்லை, ஆச்சி” என்று அவர்கள் செபமாலையைக் காட்டிச் சொன்னேன். “அம்மாவிடம் ஒரு பெட்டி மணி, அப்பாவிடம் ஒரு பெட்டி மணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெட்டியிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துக் கோப்பது. எனக்கு வந்த மணிகள் வேறு, அவளுக்கு வந்த மணிகள் வேறு. அப்பாவின் பெட்டி உங்களிடமிருந்தும் வந்ததுதானே?”

ஆச்சி சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெகுநேரம் மணியை உருட்டாமல் இருந்தார்கள். பிறகு மெல்லச் சொன்னார்கள்: “எனக்கு ஒரு தம்பி இருந்தாம்ட்டி. அஞ்சு வயசு. வயிறு உப்பி, பச்சை பச்சையா வாந்தி எடுத்து, மூணாம் நாளு போயிட்டான். பூச்சி பந்தா அடைச்சிட்டுன்னு சொன்னாங்க. எங்கம்மையத்தான் ஊரெல்லாம் ஏசுச்சு. பிள்ளைய மண்ணுல போட்டு வளத்தான்னு.”

குடலை அடைக்குமளவுக்குப் புழு திரண்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நான் படித்திருந்தேன். அதை ஆச்சியின் வாயால் கேட்பேன் என்று நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை என்று ஆச்சி இத்தனை ஆண்டும் சொல்லிவந்தது எதற்கென்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. அந்தத் தாத்தா இறந்தது மரபணுவினால்தான் என்று சொல்ல எனக்கு அறிவு போதாது, சொல்லவும் கூடாது. ஆனால் அன்றைக்குப் பிறகு ஆச்சி அம்மாவைப் பூச்சி என்ற சொல்லால் குத்தியதில்லை.

அம்மா கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அப்ப நான் கழுவினதுல குறை இல்லையா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றேன். அந்த ஒரு சொல்லை அவளுக்குச் சொல்ல இத்தனை ஆண்டு ஆயிற்று.

இதைப் படிக்கும் தங்கையர் சிலர், எனக்கு நல்ல மரபணு, கை கழுவ வேண்டாம் என்று கிளம்பிவிடக் கூடாது. உங்களுக்கு எது வாய்த்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒற்றைக் கூட்டல் குறிக்காரி நானே அதற்குச் சாட்சி. மரபணு எப்படி இருந்தாலும் முட்டை வாய்க்குள் போனால்தான் புழு. முட்டை எங்கிருந்து வருகிறது? எங்கள் உடைமரக் காட்டிலிருந்து வந்தது. வீட்டில் கழிப்பறை கட்டி இரண்டு ஆண்டு ஆகிறது. எங்கள் தெருவில் அநேகமாக எல்லோரும் கட்டிவிட்டார்கள். இந்த இரண்டு ஆண்டில் என் தங்கைக்கு ஒரே ஒரு முறைதான் தொல்லை வந்தது. அவளுடைய மரபணுக்கள் பழையபடியேதான் இருக்கின்றன. அம்மா தனியாளாய் நின்று சோப்போடு போராடியபோது முடியாதது, தெரு முழுவதும் சேர்ந்தபோது முடிந்தது.

பள்ளியில் கொடுக்கும் மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியது. 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். எல்லோருக்கும் ஏன் தரவேண்டும், பூச்சி உள்ளவர்களுக்கு மட்டும் தந்தால் போதாதா என்று நான் முன்பு நினைத்ததுண்டு. உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தனியாக அழைத்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளை கெபி முன்னால் நின்றதுபோல் நிற்க வேண்டியிருக்கும். எல்லோர் கையிலும் ஒரே மாத்திரை இருந்தால் யார் முகமும் வாடாது. நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துக் கழிவறையில் துப்புகிறவர்கள் நம் வகுப்புகளிலும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

சென்ற முறை மாத்திரை கொடுத்த நாளில் எட்டாம் வகுப்பு வராந்தாவுக்குப் போனேன். தங்கை மாத்திரையை மென்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தோழியர் நின்றார்கள். ஒருத்தி, “அக்கா யாரு?” என்று கேட்டாள். “நான் இவளுடைய கூடப்பிறந்த அக்கா” என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மெதுவா சொன்னா என்ன? எல்லாரும் பாக்குறாங்க” என்றாள்.

இந்தக் கட்டுரையை முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். கெபி முன்னால் நான் சொன்ன வார்த்தை அவளுக்கு இதுவரை தெரியாது. கிழித்துப் போட்ட சீட்டும் தெரியாது. பாயில் உட்கார்ந்து விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். கெபி வந்த இடத்தில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். சீட்டு வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, நான் சின்னதாக எழுதியிருந்த “கூட்டல் குறி ஒன்று” என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

“இது அச்சுல நல்லா தெரியணும்” என்றாள். ஆச்சி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள்.